பிரெஞ்சுச் சமையலில் மசாலா ஏன் இல்லை? என் மாமியார் கேட்ட கேள்வி

வாய்க்கால்கரை (கோபி):

வணக்கம். கோபியில் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் சிறிய மெஸ் நடத்துகிறேன். காலையில் இட்லி, சந்தகை. மதியம் சாப்பாடு. புதனும் ஞாயிறும் மட்டும் கறி. மூத்த மகள் கோவையில் கேட்டரிங் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

போன வாரம் விடுமுறைக்கு வந்தவள், கற்றுக்கொண்டதைச் செய்து காட்டுகிறேன் என்று அடுப்படியைப் பிடித்துக்கொண்டாள். வெண்ணெயை உருக்கினாள், மைதாவைப் போட்டு நிறம் மாறாமல் வறுத்தாள், பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டினாள். ஒரு வெங்காயத்தில் ஒரே ஒரு கிராம்பைக் குத்தி உள்ளே போட்டாள். கடைசியில் அந்த வெங்காயத்தைக் கிராம்போடு எடுத்து எறிந்துவிட்டாள். பெஷமெல் என்று பெயராம்.

என் மாமியாருக்கு 78 வயது. திண்ணையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கரண்டி வாங்கி நாக்கில் வைத்தார். "கண்ணு, இது தேர்தல் நோட்டீஸ் ஒட்டுகிற பசை அல்லவா?" என்றார். அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அடுத்துக் கேட்டதுதான் என்னை இங்கே எழுத வைத்தது. "மிளகுக்கும் கிராம்புக்கும் கப்பல் கட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தவர்கள்தானே இவர்கள்? பாண்டிச்சேரியில் வந்து உட்கார்ந்தவர்கள்தானே? அள்ளிக்கொண்டு போனதையெல்லாம் என்ன செய்தார்கள்? வெங்காயத்தில் ஒன்றைக் குத்தி, அதையும் எடுத்து எறியவா?"

மகளிடம் பதில் இல்லை. அவளுடைய பாடக் குறிப்பில் இரண்டு வரிதான் இருக்கிறது. இத்தாலியிலிருந்து கல்யாணமாகி வந்த இளவரசி சமையல்காரர்களைக் கூட்டி வந்தாள், அதன் பிறகுதான் பிரான்சுக்குச் சமையல் தெரிந்தது என்று ஒரு வரி. புரட்சியில் பிரபுக்கள் ஒழிந்ததும் அவர்களுடைய சமையல்காரர்கள் ஓட்டல் திறந்தார்கள் என்று இன்னொரு வரி. நான் பன்னிரண்டாவதோடு நின்றவள். ஆனால் 19 வருடமாகக் கரண்டி பிடிக்கிறேன். ஒரு நாட்டின் நாக்கு ஓர் இளவரசியால் மாறும் என்பதை நம்ப முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மண்டிக்கணக்கு (ஈரோடு):

அம்மணி, உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு அறுபது வயது ஆக வேண்டியிருந்தது.

நான் மஞ்சள் மண்டியில் 31 வருடம் கணக்கு எழுதியவன். விரலி, கிழங்கு, ஏலம், தரகு, இதுதான் என் படிப்பு. மகள் பிரான்சில் லியோன் நகரில் இருக்கிறாள். இரண்டு முறை போய் மூன்று மூன்று மாதம் தங்கினேன். குளிரில் வெளியே தலைகாட்ட முடியாது. மருமகன் வாங்கிப் போட்ட புத்தகங்களைப் படித்ததில் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

அவர்கள் தெருமுனையில் ஒரு மளிகைக் கடை. பால், சோப்பு, முட்டை, வெங்காயம் எல்லாம் கிடைக்கும். பெயர்ப் பலகையில் 'எபிஸ்ரி' என்று போட்டிருந்தார்கள். எபிஸ் என்றால் மசாலாச் சாமான். சோப்பு விற்கிற கடைக்கு இன்றைக்கும் 'மசாலாக் கடை' என்றுதான் பெயர்! அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதற்குச் 'சரக்கு' என்கிற மாதிரிப் பொருள். நம் நாட்டு மருந்துக் கடையில் சுக்கையும் திப்பிலியையும் சரக்கு என்கிறோமே, அதேதான்.

இன்னொன்றும் உண்டு. பழைய பிரான்சில் வழக்கு முடிந்ததும் நீதிபதிக்குச் சர்க்கரையில் ஊறிய மசாலாப் பண்டங்களைக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். போகப் போக அது ரொக்கமாகிவிட்டது. ரொக்கமான பிறகும் 'எபிஸ்' என்றே அழைத்தார்கள், புரட்சி வந்து அதை ஒழிக்கும் வரை. நம் கொங்கு வழக்கில் மிளகு, சீரகம், கொத்தமல்லி எல்லாவற்றுக்கும் சேர்த்து என்ன பெயர்? செலவு. செலவு அரைத்து வைத்தால் செலவு ரசம். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் மசாலா என்றாலே காதில் காசுதான் ஒலித்திருக்கிறது. மண்டியில் காலம் தள்ளியவனுக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது.

கேள்விக்கு வருகிறேன். ஆரம்பத்திலிருந்து அப்படி இல்லவே இல்லை. 14ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் சார்ல், ஆறாம் சார்ல் என்ற அரசர்களுக்குச் சமைத்த தாயெவான் என்பவர் பெயரில் ஒரு சமையல் ஏடு இருக்கிறது. அதில் வரும் சாமான்களைப் பாருங்கள்: சுக்கு, பட்டை, கிராம்பு, மிளகு, திப்பிலி, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, குங்குமப்பூ. அப்படியே ஈரோட்டுக் கடைவீதிப் பட்டியல். திப்பிலி போட்ட குழம்பைப் பாரிஸ் அரண்மனையில் சாப்பிட்டிருக்கிறார்கள்!

கெட்டுப்போன கறியின் நாற்றத்தை மறைக்கத்தான் மசாலா போட்டார்கள் என்று யாராவது சொல்ல வருவார்கள். நம்பாதீர்கள். கிராம்பு வாங்கப் பணம் இருப்பவனுக்குப் புதுக் கறி வாங்கவா பணம் இருக்காது? உண்மையான காரணங்கள் இரண்டு. ஒன்று, பெருமை. கடல் கடந்து, பாலைவனம் கடந்து, பத்துக் கை மாறி வருகிற பண்டத்தை விருந்தினர் இலையில் கொட்டினால்தான் பிரபு பிரபு. இரண்டாவது காரணம் உங்கள் மாமியாருக்கு உடனே புரியும்: சூடு, குளிர்ச்சி. மீன் குளிர்ச்சி, ஈரம். அதற்குச் சூடும் வறட்சியும் உள்ள சரக்கைச் சேர்த்துச் சமன் செய்ய வேண்டும். கிரேக்க வைத்தியத்திலிருந்து வந்த இந்தக் கணக்குப்படிதான் ஐரோப்பாவே சமைத்தது. தயிருக்கும் மீனுக்கும் நாம் பார்க்கிற கணக்கு.

பிறகு 1498இல் போர்த்துக்கீசியர் கடல் வழியாகக் கோழிக்கோட்டுக்கு வந்தார்கள். அடுத்த நூறு வருடத்தில் டச்சுக்காரர், ஆங்கிலேயர். பிரெஞ்சுக் கம்பெனி கடைசியாக 1664இல்தான் தொடங்கியது, பாண்டிச்சேரிக்கு 1674இல் வந்தது. கப்பல் கப்பலாகச் சரக்கு இறங்கினால் என்ன ஆகும்? மண்டியில் வரத்து கூடினால் என்ன ஆகுமோ அதுதான். விலை இறங்கியது. பாரிஸ் வண்டிக்காரன் வீட்டுக் கஞ்சியிலும் மிளகு விழுந்தது. வண்டிக்காரனும் போடுகிற பண்டத்தை அப்புறம் பிரபு ஏன் போடுவான்?

இங்கே என் ஆத்தாவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. எங்கள் ஊர் சென்னிமலைப் பக்கம், மானாவாரிக் காடு. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்னால் நெல்லுச்சோறு நோம்பிக்கு மட்டும்தான். மற்ற நாளெல்லாம் கம்பஞ்சோறு, ராகிக் களி. 1950களில் வாய்க்கால் வந்தது, நெல் வந்தது. அதன் பிறகு சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று தெரிந்தால் ஆத்தா கம்பு ஊறுகிற சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகையில் மறைத்து வைப்பார். ஒரு தடவை மாடு அதைக் குடித்துவிட்டது, அது தனிக் கதை. போன மாதம் பேரன் என்னைப் பெருந்துறைச் சாலையில் ஓர் ஓட்டலுக்கு அழைத்துப் போனான். மண் கலயத்தில் கம்பங்கூழ், பக்கத்தில் மோர்மிளகாய் இரண்டு, 120 ரூபாய். ஆத்தா இருந்திருந்தால் கலயத்தோடு என்னையும் கொட்டகைக்கு விரட்டியிருப்பார்.

பிரான்சில் நடந்ததும் இதே கூத்துதான். 1651இல் லா வரென் என்ற சமையல்காரர் ஒரு புத்தகம் போட்டார். பழைய மசாலா மூட்டை அதில் மெலிந்துவிட்டது. அதன் இடத்தில் வெண்ணெய், காளான், பூண்டுத்தழை மாதிரியான பச்சிலைக் கட்டு, எலும்புச் சாறு, கொழுப்பில் வறுத்த மாவு. உங்கள் மகள் கிண்டிய பசைக்கு அவர்தான் முப்பாட்டன். மூன்று வருடம் கழித்து பொன்ஃபோன் என்பவர் இன்னும் வெளிப்படையாக எழுதினார்: முட்டைக்கோஸ் சூப் என்றால் முழுக்க முட்டைக்கோஸாக மணக்க வேண்டும், லீக் (வெங்காயத்தாள் மாதிரி ஒன்று) போட்டால் லீக் மணக்க வேண்டும். அதற்கு முன் எந்தச் சூப்பும் பட்டையும் சுக்குமாகத்தானே மணந்திருக்கும்!

புதுப் பெருமை எதில் தெரியுமா? பச்சைக் காய்கறியில். மிளகை மூட்டை கட்டி இரண்டு வருடம் வைத்திருக்கலாம். பச்சைப் பட்டாணியை இரண்டு நாள் வைக்க முடியாது. 1660இல் ஜனவரி மாதத்தில் இத்தாலியிலிருந்து பதினான்காம் லூயிக்குப் பட்டாணி கொண்டுவந்து கொடுத்தார்கள், அரண்மனையே பைத்தியமானது. வெர்சாயில் லா கெந்தினி என்ற தோட்டக்காரர் சுடச்சுட எருவைப் புதைத்து மண்ணைச் சூடாக்கி, பனிக்காலத்திலேயே தண்ணீர்விட்டான் குருத்தை முளைக்க வைத்தார். காலம் தப்பி விளைகிற காய் எந்தக் கப்பலிலும் வராது. அதை வண்டிக்காரன் வாங்கவே முடியாது.

வேடிக்கை இத்தோடு முடியவில்லை. பியர் புவாவ்ர் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். புவாவ்ர் என்றால் மிளகு. டச்சுக்காரர்கள் பூட்டிக் காத்த கிராம்பு, ஜாதிக்காய் நாற்றுகளை ஆள் வைத்துக் கடத்தி, 1770 வாக்கில் மொரீஷியஸ் தீவில் நட்டார். மிளகு என்று பெயர் வைத்துக்கொண்டு அத்தனை பாடுபட்டு அவர் செடியை வேர்பிடிக்க வைத்தபோது, பாரிஸ் சமையலறை அந்தச் சாமான்களை விட்டு நூறு வருடம் ஆகியிருந்தது.


பொள்ளாச்சி இளநீர்:

ஐயா எழுதியது அருமை. ஆனால் இளவரசி கதையை நான் பல இடங்களில் படித்திருக்கிறேன். கத்தரீன் த மெதிசி. ஐஸ்கிரீம், முள்கரண்டி எல்லாம் அவர் சீதனமாகக் கொண்டுவந்தவை என்கிறார்களே? அவ்வளவு பேரும் சேர்ந்தா பொய் சொல்கிறார்கள்?


மண்டிக்கணக்கு (ஈரோடு):

தம்பி, வருடத்தைப் போட்டுக் கழித்துப் பாருங்கள். அவர் கல்யாணம் 1533. வயது 14. மணமகன் அப்போது பட்டத்து இளவரசன்கூட இல்லை, அரசரின் இரண்டாவது பிள்ளை. பட்டம் கிடைத்தது 1547இல். லா வரென் புத்தகம் 1651. நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி. அந்த நூறு வருடமும் பாரிஸில் அச்சடித்து விற்ற சமையல் புத்தகம் எது? நம் தாயெவானின் பழைய திப்பிலிக் குழம்பு ஏடு. 1600ஐத் தாண்டியும் அச்சில் இருந்தது. ஒரு சிறுமி வந்து சமையலையே புரட்டிப் போட்டிருந்தால் பழைய புத்தகத்தை எவன் காசு கொடுத்து வாங்கியிருப்பான்?

இத்தாலியிலிருந்து ஒன்றுமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். காய்கறி மோகத்தில் பாதி அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அது வியாபாரிகளோடும் தோட்டக்காரர்களோடும் மெல்ல நடந்து வந்தது. பல்லக்கில் வரவில்லை.


ஆலைக்கொட்டாய் (கவுந்தப்பாடி):

மண்டிக்காரர் மண்டிக்காரர்தான். மிளகு, பட்டை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சர்க்கரையை விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் சர்க்கரையும் எபிஸ்தான். மருந்துச் சரக்கோடு சேர்த்துத்தான் விற்றார்கள். எங்களிடம் மூன்று தலைமுறையாக ஆலைக்கொட்டாய் (கரும்புப்பாலைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கிற கொட்டகை), அதனால் இதை மட்டும் நான் சொல்லிவிட்டுப் போகிறேன்.

பிரெஞ்சுக்காரர்களின் சர்க்கரை கரீபியத் தீவுகளிலிருந்து வந்தது. முக்கியமாக சான் தொமேங். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகளை வைத்துக் கரும்பு வெட்டி, ஆலை ஓட்டிய தீவு. கொப்பரை அடுப்பின் முன் நின்றவனுக்குத்தான் அந்த வெக்கை தெரியும். அதில் சாட்டையையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். பாரிஸ் மேசைகளில் அழகழகான இனிப்பெல்லாம் அங்கிருந்துதான். 1791இல் அடிமைகள் எழுந்தார்கள். 1804இல் அந்த நாடு ஹெய்ட்டி என்ற பெயரில் விடுதலை பெற்றது. நெப்போலியன் அனுப்பிய படை தோற்றுத் திரும்பியது.

அதோடு ஆங்கிலேயரின் கடற்படை கடலை மறித்தது. 1806இல் நெப்போலியனும் பதிலுக்கு ஆங்கிலச் சரக்கு ஐரோப்பாவுக்குள் நுழையக்கூடாது என்று ஆணை போட்டார். சர்க்கரை இல்லை. அப்போதுதான் பீட்டைத் தேடினார்கள். நாம் பொரியல் செய்கிற சிவப்பு பீட்ரூட் வேறு, இது வெள்ளை, பருத்த முள்ளங்கி போல இருக்கும். அதில் சர்க்கரை இருக்கிறது என்று 1747இலேயே பெர்லினில் மார்கிராஃப் என்பவர் கண்டுபிடித்திருந்தார், கரும்பு மலிவாகக் கிடைத்த காலத்தில் யாரும் சீந்தவில்லை. 1811இல் பல்லாயிரம் ஹெக்டேரில் பீட் பயிரிட நெப்போலியன் உத்தரவிட்டார். 1812 ஜனவரியில் பாரிஸுக்குப் பக்கத்தில் பாஸி என்ற ஊரில் தெலெசேர் என்பவரின் ஆலையில் நல்ல வெள்ளைச் சர்க்கரை வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு நேரில் போனார். தன் சட்டையில் இருந்த பதக்கத்தைக் கழற்றி அவருக்குக் குத்தினார் என்பார்கள்.

என் மைத்துனன் ஒரு தடவை ஊட்டி பீட்ரூட்டை வாங்கி வந்து பிழிந்து கொப்பரையில் காய்ச்சிப் பார்த்தான். எவ்வளவு காய்ச்சியும் மண் வாசனை போகவில்லை. பதமும் வரவில்லை, விரலில் எடுத்தால் நூலாக இழுத்துக்கொண்டே போனது. மாட்டுக்கு ஊற்றினோம். கரும்புப்பாலைக் காய்ச்சினால் நேராக நாட்டுச் சர்க்கரையாகச் சாப்பிடலாம், பீட்டை அப்படிச் சாப்பிட முடியாது. அதனால்தான் அங்கே வேதியியல்காரர்கள் தேவைப்பட்டார்கள்.

நம் பங்கும் இருக்கிறது. 1912இல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, நாணல் இனத்தோடு கரும்பை ஒட்டுச் சேர்த்து, கோ 205 என்ற இரகத்தை 1918இல் வெளியிட்டார்கள். அந்தக் கோ என்ற எழுத்து கோவைதான். கரும்பை விட்டுவிட்டுப் போனவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும்.


கரண்டிக்காரன் (கோவை):

அக்கா, உங்கள் மகளின் பசைக்கு நான் வருகிறேன். உருளைக்கிழங்கு உரிப்பதில் தொடங்கி 22 வருடம் ஓட்டல் சமையலறையில் இருக்கிறேன்.

மாமியார் சொன்னது சரி. பசை மாதிரி இருந்தது என்றால் மாவு வேகவில்லை. வெண்ணெயில் மைதாவை வறுக்கும்போது முதலில் களி மாதிரி உருளும். இரண்டு மூன்று நிமிடத்தில் இளகி, ஈர மணல் மாதிரி சட்டியில் பரவும், பச்சை மாவு வாசனை போய் பிஸ்கட் வாசனை வரும். அதற்குப் பிறகுதான் பால். பால் ஊற்றிக் கெட்டியானதும் எல்லோரும் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு. மிகச் சிறிய தீயில் இன்னும் இருபது நிமிடம் கிடக்க வேண்டும். நாம் கொழம்புக்கு அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறோமே, அது கட்டி தட்டும். இவர்கள் ஒவ்வொரு மாவுத் துகளுக்கும் வெண்ணெய்ச் சட்டை போட்டுவிட்டுப் பால் ஊற்றுவதால் தட்டாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

புரட்சிதான் ஓட்டலைக் கொண்டுவந்தது என்பது அரைக் கதை. ரெஸ்டாரண்ட் என்பது முதலில் இடத்தின் பெயரே இல்லை. உடம்பைத் தேற்றுகிற சாறு என்று பொருள். நோஞ்சான்களுக்குக் கறியையும் கோழியையும் மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சிக் கொடுக்கிற சாறு. நம் நெஞ்செலும்புச் சாறு, ஆட்டுக்கால் சாறு மாதிரி. 1760களில் ரோஸ் த ஷாந்துவாசோ என்பவர் பாரிஸில் இந்தச் சாறு விற்கிற கடை வைத்தார். பெயர் சாறிலிருந்து கடைக்குத் தாவிவிட்டது.

அந்தக் கடையில் புதுமை என்னவென்றால், பந்தி இல்லை. அதற்கு முன் சத்திரத்தில் சாப்பிடப் போனால் குறித்த நேரத்துக்குப் போக வேண்டும், நீள மேசையில் யார் பக்கத்திலோ உட்கார வேண்டும், வைப்பதைச் சாப்பிட வேண்டும். கல்யாண மண்டபத்தில் இரண்டாம் பந்திக்கு இடம் பிடிக்கிற மாதிரி. சாற்றுக் கடையில் உனக்கென்று தனி மேசை, வேண்டிய நேரம், விலை எழுதிய பட்டியல். நாம் இன்று ஓட்டல் என்று நினைக்கிற எல்லாம் அதிலிருந்து வந்தது. பொவிலியே என்பவர் பெரிய அளவில் ரெஸ்டாரண்ட் திறந்தது 1782இல். பஸ்தீய் கோட்டை விழுந்து புரட்சி தொடங்க இன்னும் ஏழு வருடம் இருந்தது. இந்த பொவிலியே அரசரின் தம்பியிடம் சமையல்காரராக இருந்தவர்.

புரட்சி என்ன செய்தது என்றால், தடையை உடைத்தது. ரொட்டி ஒரு சங்கம், வறுத்த கறி ஒரு சங்கம், வேகவைத்த கறி ஒரு சங்கம் என்று ஒருவர் பிழைப்பில் ஒருவர் கைவைக்க முடியாதபடி வைத்திருந்தார்கள். 1791இல் அந்தச் சங்கங்களை ஒழித்தார்கள். பிரபுக்கள் ஓடியதும் சமையல்காரர்கள் தெருவுக்கு வந்தது உண்மை. வெளியூரிலிருந்து பாரிஸுக்கு வந்து தங்கிய சட்டமன்ற உறுப்பினர்கள் எங்கேயாவது சாப்பிட வேண்டியிருந்ததும் உண்மை. கடை பெருகியது. பிறந்தது முன்பே.


வாய்க்கால்கரை (கோபி):

எல்லோருக்கும் நன்றி. முழுவதையும் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். சம்பந்தி வருவதற்குள் கம்பை மறைத்த இடத்தில் நிறுத்தச் சொல்லி இரண்டு முறை படிக்க வைத்தார். அவரும் மறைத்திருக்கிறாராம், கொட்டகையில் இல்லை, நெல் குதிருக்குள்.

பெஷமெல்லை இருபது நிமிடம் வேகவைத்துப் பார்த்தோம். பசை வாசனை போய்விட்டது. மாமியார் "இப்போது பால் கஞ்சி" என்றார். அது அவர் வாயில் பாராட்டு.

மகள் கல்லூரி நூலகத்திலிருந்து பழைய முறை ஒன்றை எழுதிக்கொண்டு வந்தாள். ஏறக்குறைய 1393இல் பாரிஸில் வயதான ஒருவர் பதினைந்து வயது மனைவிக்குக் குடும்பம் நடத்தச் சொல்லிக்கொடுத்து எழுதிய புத்தகத்தில் இருப்பதாம். அந்த வயதுக் கணக்கைக் கேட்டதும் எனக்கு எரிந்தது, ஆனாலும் சமையல் பாவம் என்ன செய்யும். கமெலின் என்று ஒரு சாஸ். துர்னே என்ற ஊரில் செய்கிற முறை என்று குறித்திருக்கிறார், அந்த ஊர் இன்று பெல்ஜியத்தில் இருக்கிறது. சுக்கு, பட்டை, குங்குமப்பூ, அரை ஜாதிக்காய், எல்லாவற்றையும் அரைத்துத் திராட்சை மதுவில் கரைக்க வேண்டும். வறுக்காத ரொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து அரைத்து அதையும் மதுவில் கரைத்து வடிகட்டிச் சேர்த்துக் கொதிக்கவிட வேண்டும். இறக்கும்போது சிவப்புச் சர்க்கரை. இது குளிர்காலத்துக்கு. வெயில் காலத்தில் கொதிக்கவிடாமல் அப்படியே பரிமாறலாம்.

மெஸ்ஸில் மதுவுக்கு எங்கே போவது? கறுப்புத் திராட்சையைப் பிழிந்து இரண்டு கரண்டி வினிகர் விட்டோம். குங்குமப்பூ மகளின் தோழி கல்யாணத்தில் கிடைத்த சின்ன டப்பாவில் ஐந்தாறு இழை. ரொட்டி, எதிர்க்கடை பன்னின் உள்பக்கம். சிவப்புச் சர்க்கரைக்குக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, ஆலைக்கொட்டாய் அண்ணன் மகிழட்டும். அம்மியில்தான் அரைத்தோம். சுக்கு நாராக வந்து வடிகட்டியில் அடைத்துக்கொண்டது, இரண்டு தடவை வடிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் செங்காவி நிறத்தில், தோசை மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக ஒரு சட்டினி.

நாட்டுக்கோழியை உப்பு மட்டும் போட்டுச் சுட்டு, பக்கத்தில் இதை வைத்துக் கொடுத்தேன். மாமியார் முகர்ந்து பார்த்தார். கோழியில் தொட்டு வாயில் வைத்துக் கண்ணை மூடினார். "பிள்ளை பெற்றவளுக்கு உருட்டிக் கொடுக்கிற மருந்து வாசனை. இதைக் கறிக்கா தொட்டுக்கொண்டார்கள்?" என்றார். பிறகு கோழி முடிந்ததும் வழித்து இன்னொரு கரண்டி கேட்டார். "இவ்வளவு தெரிந்தவர்கள் எதற்குப் பசைக்குப் போனார்கள்?" என்று மறுபடியும் தொடங்கிவிட்டார். மண்டிக்கணக்கு ஐயா சொன்ன விலைக் கதையைச் சொன்னேன். சமாதானம் ஆகவில்லை. பணக்காரனுக்குப் புத்தி கெட்டால் ஊர் ஏன் கெட வேண்டும் என்கிறார்.

புதன்கிழமை கறிச் சாப்பாட்டோடு ஒரு கிண்ணம் வைத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். மகள் வேண்டாம் என்கிறாள். வாய்க்குள் கொஞ்சம் கசந்ததுதான் உறுத்துகிறது, எதனால் என்று தெரியவில்லை.


மண்டிக்கணக்கு (ஈரோடு):

அம்மணி, கசப்பு ஜாதிக்காயால்தான். அந்தப் பெரியவர் எத்தனை பேருக்கு என்று பார்த்து அரை போட்டாரோ. உங்கள் அளவுக்குக் கால் காயும் வேண்டாம், நாலு தேய்ப்பு போதும். மெஸ்ஸில் கிண்ணம் வைப்பதற்கு முன் ஜாதிக்காய், குங்குமப்பூ இரண்டுக்கும் இன்றைய விலையை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பிறகு உங்கள் மாமியாரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.